முதலில் ஆளைக் கேள், அப்புறம் பாட்டிலைச் சொல்

ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மன்னார்குடியிலிருந்து மச்சான் போன் செய்தான். மழை, மாடு, மாமியார் எல்லாம் விசாரித்து முடித்தபின் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், உங்க ஊர்லதானே அந்த பாப்பி வான் விங்கிள் செய்யறாங்க? ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க. காசைப் பத்திக் கவலை இல்லை."

நான் இருப்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரத்தில். 2006இல் வந்தேன். தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். போர்பன் விஸ்கிக்கு இந்த மாநிலம்தான் தாய்வீடு. திருநெல்வேலிக்காரரைப் பார்த்தால் அல்வா ஞாபகம் வருவதுபோல, என்னைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்குப் பாட்டில் ஞாபகம் வருகிறது. அதில் வருத்தமில்லை. ஆனால் அல்வா கேட்கிறவர் கடைக்குப் போனால் கிடைக்கிற அல்வாவைத்தான் கேட்கிறார். என்னிடம் கேட்கிறவர்களோ, செய்கிற ஊரில் இருக்கும் எங்களுக்கே கண்ணில் படாத பாட்டிலைக் கேட்கிறார்கள். மச்சான் கேட்டது அப்படிப்பட்டது. கம்பெனி குறித்த விலை சில நூறு டாலர். வெளியில் கைமாறும் விலை சில ஆயிரம் டாலர். கடைகளில் வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் போடுவார்கள். பெயர் விழுந்தால் வாங்கும் உரிமை மட்டும் கிடைக்கும், காசு தனி.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ காபி எப்படிக் குடிப்பே?" என்று கேட்டேன்.

"என்ன அத்தான், நான் எதைக் கேட்டா நீங்க எதைக் கேக்கறீங்க?"

அவனுக்கு அப்போது சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காபித்தூள் கடையில் கற்றது

என் அப்பா மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் காபித்தூள் கடை வைத்திருந்தார். முன்னால் அரைக்கிற மெஷின், பின்னால் கொட்டை வறுக்கிற உருளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் சட்டை, புத்தகப்பை, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் இருக்கும். புதிதாக ஒருவர் வந்து "நல்ல தூளா ஒரு கால் கிலோ குடுங்க" என்றால், அப்பா டப்பாப் பக்கம் திரும்பவே மாட்டார். முதலில் கேள்விகள். "வீட்ல எத்தனை பேரு? பசும்பாலா, எருமைப்பாலா? காலைல டிகாஷன் இறங்கற வரைக்கும் நிக்க நேரம் உண்டா, அவசரக் குடித்தனமா? கசப்பு தூக்கலா வேணுமா?" இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று தராசு தட்டு ஆடத் தொடங்கும்.

ஒருமுறை ஒரு ஆசிரியை வந்து, சிக்கரியே கூடாது, சுத்தமான காபித்தூள்தான் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அப்பா வாதம் செய்யவில்லை. நூறு கிராம் மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "குடிச்சுப் பாத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்து எண்பதுக்கு இருபது கலந்து வாங்கிப் போனார். கடையை மூடும்வரை அதே கணக்குதான். "எது ஒசத்தி" என்று அப்பாவிடம் யாரும் பதில் வாங்கியதில்லை. "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

அந்தக் கடையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. பொட்டலத்தின் மேல் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று குத்த வேண்டும். அது என் வேலை. காபி–சிக்கரிக் கலவை என்று விற்றால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலந்த விகிதத்தை மேலே அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பாதிக்கு மேல் காபி இல்லாவிட்டால் அதற்குக் காபிப் பெயர் கிடையாது.

லூயிவில் வந்த முதல் வருடம், வீட்டுக்கு வரப்போகும் மேலதிகாரி ஒருவருக்காகப் பாட்டில் வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். "நல்ல போர்பனாக ஒன்று" என்றேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. "யாருக்கு? ஐஸ் போடுவாரா? இனிப்பு சாப்பிடுவாரா, காரம் பிடிக்குமா? எவ்வளவு செலவழிக்க எண்ணம்?" என்று வரிசையாகக் கேட்டார். அப்பா குரலை அங்கே எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டேன். பிறகு அவர் போர்பன் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்து, "சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் போர்பன் என்ற பெயர் கிடையாது" என்றபோது எனக்குக் கையில் அந்த ரப்பர் ஸ்டாம்ப் இருப்பதுபோலவே பட்டது.

டப்பாவை வறுத்தவர்கள்

சோளம் என்றால் இங்கே மக்காச்சோளம். 51 போக மீதியில்தான் ஒவ்வொரு வடிசாலையின் கைமணமும். பெரும்பாலும் ரை என்ற தானியம் சேரும். கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம், நாக்கில் மிளகுபோல ஏறும். கொஞ்சம் முளைகட்டிய பார்லியும் சேரும், மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க அது வேண்டும். சிலர் ரைக்குப் பதில் கோதுமை போடுவார்கள். மிளகு இறங்கி, சாராயம் மெத்தென்று ஆகிவிடும். மேக்கர்ஸ் மார்க், வெல்லர் இரண்டும் அந்த வகை. மச்சான் கேட்ட பாப்பியும் அந்த வகைதான். வெல்லரும் பாப்பியும் இன்று பஃபலோ டிரேஸ் என்ற ஒரே வடிசாலையில்தான் வடிகின்றன. ஃபோர் ரோசஸ் இன்னொரு வழி பிடித்தது. ஒரு கலவையில் ரை 20 சதவீதம், இன்னொன்றில் 35. இந்த இரண்டு கலவைகளை ஐந்து விதமான ஈஸ்ட்டுகளோடு சேர்த்துப் பத்து தனித்தனி போர்பன்கள் வடித்து வைத்துக்கொண்டு, வேண்டியபடி கலக்கிறார்கள். பீபெரியையும் பிளான்டேஷனையும் தனித்தனியே வறுத்து டப்பாவில் வைத்த என் அப்பாவின் முறை.

சட்டம் தானியத்தோடு நிற்கவில்லை. வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தானியத்தின் ருசி போய் வெறும் போதைதான் மிஞ்சும். பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. நிறத்துக்கோ ருசிக்கோ எதையும் கலக்கக் கூடாது. பீப்பாய் புத்தம்புது ஓக் மரத்தில், உள்பக்கம் நெருப்பு வைத்துக் கருக்கியதாக இருக்க வேண்டும். ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாயில் இன்னொருமுறை போர்பன் ஊற வைக்க முடியாது. அந்தப் பழைய பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்து போய் ஸ்காட்ச் விஸ்கிக்கு மணம் கொடுக்கின்றன.

அப்பா 2014இல் இங்கே வந்திருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இருந்தாலும் வடிசாலை ஒன்றைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன். பாதியாக அறுத்துக் காட்சிக்கு வைத்திருந்த பீப்பாய் ஒன்று இருந்தது. உட்புறம் முதலைத் தோல்போலப் பாளம் பாளமாகக் கருகியிருந்தது. அப்பா குனிந்து அதற்குள் தலையை விட்டு முகர்ந்தார். வழிகாட்டிப் பெண் பதறிவிட்டாள். அவர் நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "நாம கொட்டையை வறுக்கறோம். இவன் டப்பாவையே வறுத்திருக்கான்."

போர்பனைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மரத்தைச் சுடும்போது அதிலுள்ள சர்க்கரைப் பொருள் பாகு பதத்துக்கு வருகிறது. வெனிலா வாசனைப் பொருள் வெளிப்படுகிறது. கென்டக்கி வெயிலில் சாராயம் விரிந்து மரத்துக்குள் ஏறுகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. இப்படி வருடக்கணக்கில் உள்ளே வெளியே போய்வந்து அந்தப் பாகையும் வாசனையையும் அள்ளிக்கொள்கிறது. நிறமும் அப்படித்தான் வருகிறது. நடுவில் ஒரு பங்கு மரம் வழியாக ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள் இங்கே. அப்பாவுக்கு அதில் கவிதை தெரியவில்லை. "வறுத்தா கொட்டை எடை குறையாதா, அந்தமாதிரி" என்றார்.

லேபிளுக்கு வாய் முளைத்த கதை

இந்தச் சட்டங்கள் யாருடைய பெருந்தன்மையிலும் வந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் விஸ்கி என்று விற்றதில் கணிசமான பகுதி, வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறு, சாயம், இன்னும் வாயில் வைக்கக் கூடாத பலதும் கலந்தது. ஒழுங்காகக் காய்ச்சி வருடக்கணக்கில் ஊற வைத்தவர்களுக்கு இது வயிற்றில் அடி. எட்மண்ட் டெய்லர் என்ற வடிசாலைக்காரரும், கென்டக்கியைச் சேர்ந்தவரும் அப்போதைய நிதித்துறைச் செயலாளருமான ஜான் கார்லைலும் முனைந்து நின்றதில் 1897இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் இன்றும் பாட்டில்களில் உண்டு: 'பாட்டில்ட் இன் பாண்ட்'.

இந்த மூன்று வார்த்தை லேபிளில் இருந்தால் பொருள் இதுதான். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்தது. அரசாங்கக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருடம் ஊறியது. சரியாக 50 சதவீதம் ஆல்கஹால். தண்ணீர் தவிர வேறெதுவும் சேரவில்லை. எந்த வடிசாலை என்பதும் லேபிளில் இருக்கும். பொய் சொன்னால் அரசாங்கத்தோடு வழக்கு. சாமானியன் ஒருவன் நிபுணர் யாரையும் கேட்காமல் கடையில் நின்று நம்பி எடுக்கக்கூடிய முத்திரை இது. இந்த முத்திரையோடு நல்ல போர்பன் இன்றும் இருபது டாலர் சுமாருக்கு எங்கள் ஊர்க் கடைகளின் கீழ்த்தட்டில் நிற்கிறது. கண் மட்டத்தில் இருக்காது. குனிய வேண்டும்.

லேபிளில் வேறு சிலவும் படிக்கலாம். 'ஸ்ட்ரெயிட்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் ஊறியது. நான்கு வருடத்துக்குக் குறைவென்றால் வயதைப் போட்டே ஆக வேண்டும். 'டிஸ்டில்ட் பை' என்று இருந்தால் பெயர் போட்டவர்களே வடித்தது. 'பாட்டில்ட் பை' மட்டும் இருந்தால் வேறெங்கோ வாங்கி அடைத்ததாக இருக்கலாம். அதுவும் குற்றமில்லை, இண்டியானாவில் ஒரு பெரிய வடிசாலை பல பிராண்டுகளுக்கு நல்ல சரக்கு வடித்துக் கொடுக்கிறது. ஆனால் தாத்தா காலத்து ரகசியம், குடும்பச் செய்முறை என்று பாட்டிலின் பின்பக்கம் நீளமாகக் கதை எழுதியிருந்தால், முதலில் இந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள்.

படிக்கத் தெரிந்த குடிகாரர்களுக்கு என்ன பலம் உண்டு என்பதையும் கண்ணால் பார்த்தேன். 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், தேவைக்குச் சரக்குப் போதவில்லை, இனி 45 சதவீதத்துக்குப் பதில் 42இல் பாட்டில் போடுவோம் என்று அறிவித்தது. தண்ணீரைக் கூட்டுகிறோம் என்பதை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஊரே கொதித்தது. ஒரு வாரம் சுமாரில் முடிவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். எண் லேபிளில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால்தான் அந்த மூன்று சதவீதம் விவகாரமானது. எண் இல்லாத ஊரில் யார் எதைக் கேட்டிருக்க முடியும்?

லேபிள் சொல்லாமல் விட்டதும் உண்டு. பக்கத்து மாநிலமான டென்னஸியில் ஜாக் டேனியலுக்கு இளம்வயதில் சாராயம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை. விடுதலைக்குப் பின் ஜாக் டேனியல் வடிசாலையின் முதல் தலைமை வடிப்பாளராகவும் அவர்தான் இருந்தார். உலகமெங்கும் போன பாட்டிலில் மாணவன் பெயர் இருந்தது. குருவின் பெயரை நிறுவனம் ஊரறியச் சொல்ல 2016 ஆயிற்று. எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று சொல்ல வைத்த சட்டம், யார் கைவேலை என்று சொல்ல வைக்கவில்லை.

நான் வாங்கிய பாடம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானும் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் எல்லோரும் தேடிய ஒரு பாட்டில். பெயர் வேண்டாம், மச்சான் கேட்டதல்ல. நான்கு கடைகளில் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்து ஒன்றிலும் விழவில்லை. கடைசியில் ஒரு தனியாளிடம், ஒரு வாகன நிறுத்தத்தில், கார் கண்ணாடியை இறக்கி வாங்கினேன். உரிமமில்லாதவர் விற்பது சட்ட விரோதம் என்று தெரிந்தே வாங்கினேன். கடை விலையைப்போல ஆறு மடங்கு. வீட்டில் மனைவியிடம் சொன்ன தொகை அதில் பாதி.

இரண்டு வருடம் அது அலமாரியில் நின்றது. வருகிறவர்களுக்குக் காட்டுவேன், திறக்க மாட்டேன். எங்கள் அத்தை ஒருத்தி கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குடத்தைச் சாகும்வரை பரணில் வைத்திருந்தாள். அவளைக் கிண்டல் செய்தவன் நான்.

ஒரு தீபாவளி இரவு நண்பர்கள் கூடியிருந்தபோது மனைவிதான் வழி சொன்னாள். ஐந்து டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, ஐந்து போர்பன்களை அவளே ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். எதில் எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஆறு பேர் குடித்துப் பார்த்து வரிசைப்படுத்தினோம். கார் கண்ணாடி வழியாக வந்தது மூன்றாவது. முதலில் வந்தது, இருபது டாலர் சுமாருக்குக் கிடைக்கும் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், பாட்டில்ட் இன் பாண்ட். நானே என் கையால் என் பாட்டிலுக்கு நான்காமிடம் கொடுத்திருந்தேன். அன்று அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "உண்மையில எவ்வளவு குடுத்தீங்க?"

கெட்ட சரக்கு என்று சொல்ல வரவில்லை. நல்ல சரக்குதான். ஆறு மடங்கு நல்லதாக இல்லை, அவ்வளவே. நான் காசு கொடுத்தது பேச்சுக்கு.

பேச்சு எப்படி மாறும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் போர்பனைச் சீந்துவாரில்லை. இளைஞர்கள் வோட்கா பக்கம் போய்விட்டார்கள். கிடங்குகளில் பீப்பாய்கள் ஆள் இல்லாமல் கிழடாகின. ஃபோர் ரோசஸின் நல்ல போர்பன் பல பத்தாண்டுகள் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும்தான் போனது. உள்ளூரில் அதே பெயரில் மட்டமான கலவை ஒன்று விற்றது. 2002இல் ஜப்பானின் கிரின் நிறுவனம் வாங்கிய பிறகுதான் நல்லது சொந்த ஊர் திரும்பியது. 1984இல் எல்மர் லீ என்பவர், கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து அடைத்த பிளான்டன்ஸ் என்ற போர்பனைக் கொண்டுவந்தார். மூடியில் குதிரையும் ஓட்டியும். இன்று அந்தக் குதிரைக்காகக் கடை திறக்குமுன்பே வரிசை நிற்கிறது. பாப்பி மேல் உள்ள மோகத்தில் 2013இல் வடிசாலையிலிருந்தே பாட்டில்கள் திருடு போய், போலீஸ் வந்து, ஊழியர் கைதாகி, நாட்டுக்கே செய்தியானது. நாற்பது வருடத்தில் சோளம் மாறவில்லை, மரம் மாறவில்லை. வரிசைதான் மாறியிருக்கிறது.

மூன்று கேள்வி, பிறகு ஒரு கேள்வி

அதனால் இப்போது யாராவது சிபாரிசு கேட்டால் நான் காபித்தூள் கடைக்காரன் மகனாகிவிடுகிறேன்.

முதல் கேள்வி, காபி எப்படி? பாலும் சர்க்கரையுமாகக் குடிக்கிறவருக்குக் கோதுமை சேர்ந்தது: மேக்கர்ஸ் மார்க். கடுங்காப்பிக்காரருக்கும், ரசத்தில் மிளகு போதவில்லை என்கிறவருக்கும் ரையின் காரம் தெரிவது: ஃபோர் ரோசஸ், அல்லது 50.5 சதவீதத்தில் வரும் வைல்ட் டர்க்கி 101.

இரண்டாவது, எப்படிக் குடிப்பீர்கள்? ஐஸ் போட்டோ சோடா ஊற்றியோ குடிப்பவருக்கு 40 சதவீதச் சரக்கைக் கொடுத்தால் பாதி டம்ளரில் பானகமாகிவிடும். 50 சதவீத பாண்ட் பாட்டில்தான் சரி. வெறுமனே சப்பிக் குடிப்பவருக்கு நான் சொல்வது: மூக்கை டம்ளருக்குள் விடாதீர்கள், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மேலாக முகருங்கள். ஒரு வாய் குடித்ததும் ஏழெட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூடியிருந்த வாசனை திறக்கும். பக்கத்தில் என்ன வைப்பது என்று கேட்டால், இங்கத்தியர்கள் உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடையை வைப்பார்கள். எனக்கு வறுத்த நிலக்கடலையும் ஓர் எள்ளுருண்டையும் போதும். வெல்லப்பாகும் எள்ளின் கசப்பும் பீப்பாய்க் கருக்கோடு சேர்ந்து நாக்கில் நிற்பது, பல பெரிய பாட்டில்களில் எனக்குக் கிடைக்காத சுகம்.

மூன்றாவது, எவ்வளவு செலவழிக்கலாம்? முப்பது நாற்பது டாலருக்கு மேல் போனால் உங்கள் காசு பாட்டிலுக்குள் போவது குறைந்து, பாட்டிலின் மேல் போவது கூடுகிறது. நான் பார்த்தவரை இதுதான் கணக்கு.

நான்காவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆளைப் பார்த்து எனக்குள் கேட்டுக்கொள்வேன். என் சித்தப்பா நாற்பத்தாறு வயதில் கல்லீரல் போய் இறந்தார். கடைசி வருடங்களில் கடைக்கு வந்து அப்பாவிடம் கைநீட்டுவார். அப்பா காசு தர மாட்டார், சோறு போட்டு அனுப்புவார். தம்பிக்கு வேண்டியது என்ன என்று தெரிந்தும் கொடுக்க முடியாத கடைக்காரராக அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு டம்ளரில் நிறுத்த முடியாதவருக்கும், என்னைப் பார்த்துக் குடிக்கத் தொடங்கலாமா என்று கேட்கும் பையன்களுக்கும் என்னிடம் பாட்டில் பெயர் கிடையாது. சிபாரிசு என்பது பொறுப்பு. ருசி தெரிந்தவன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டு அடுப்பை அணைக்கக் கூடாது.

நம் ஊர் லேபிள்

2025 பிப்ரவரியில் இந்திய அரசு போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது. நம் ஊரில் இதன் பேச்சு இனிக் கூடும். பேச்சோடு கிடைக்காத பாட்டில் மோகமும் கப்பலேறி வரும். வருவதென்றால் பாப்பி வருமுன் 1897 வரட்டும் என்பது என் ஆசை.

உலகத்தில் அதிகம் விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. அதில் நிறையப் பாட்டில்களில் உள்ளே இருப்பது கரும்பு ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸில் காய்ச்சிய சாராயம் கலந்தது. தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நம்மால் முடியாது என்பதும் இல்லை. பெங்களூரின் அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்து பெயர் வாங்கியது. கைத்திறன் இருக்கிறது. குடிக்கிறவனுக்கு உண்மையைச் சொல்லும் பழக்கம்தான் குறைவு. ஊருக்கு வரும்போதெல்லாம் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எச்சரிக்கை வாசகம் இருக்கிறது, தங்க எழுத்தில் பெயர் இருக்கிறது. எதில் வடித்தது, எங்கே வடித்தது, எத்தனை வருடம் ஊறியது என்று தேடினால் பல பாட்டில்களில் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கால் கிலோ காபித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பையன் ஸ்டாம்ப் குத்திய ஊர் இது. நாலு ரூபாய்ப் பொட்டலத்துக்கு இருந்த அந்த நேர்மை, நானூறு ரூபாய்ப் பாட்டிலுக்கு வேண்டாமா? எதில் காய்ச்சியது, யார் காய்ச்சியது, எவ்வளவு காலம் மரத்தில் இருந்தது. மூன்று வரி போதும். குடியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த ஒன்றிலாவது சேர்ந்து நிற்கலாம். குடிக்கிறவன் எதைக் குடிக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு நட்டம்?

மச்சானுக்குப் போன பாட்டில்

போனில் மச்சான் கடைசியில் பதில் சொன்னான். காபி டிகாஷன் தூக்கலாக, சர்க்கரை அரை ஸ்பூன். குடிப்பது வருடத்துக்கு இரண்டு தடவை, ஐஸ் போட்டு. "பின்னே எதுக்குடா உனக்கு அந்தப் பாட்டில்?" என்றேன். கொஞ்சம் தயங்கினான். "கூடத்துல ஷோகேஸ் பண்ணியிருக்கேன் அத்தான். நடுத்தட்டுல வைக்க ஏதாவது பெரிசா இருந்தா நல்லா இருக்கும்."

ஆளைக் கேட்டதும் பாட்டில் தெரிந்துவிட்டது. இந்தியாவுக்குள் வரியில்லாமல் இரண்டு லிட்டர் கொண்டு போகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு வாங்கினேன். இரண்டும் பாண்ட், இரண்டும் கீழ்த்தட்டில் குனிந்து எடுத்தவை. அவற்றோடு என் அலமாரியில் இருந்த மூன்றாமிடத்துப் பாட்டிலையும் வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். காலி என்பதால் லிட்டர் கணக்கில் அது வராது.

இப்போது அது மன்னார்குடிக் கூடத்தில், நடுத்தட்டில், சின்ன விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் விலை கேட்கிறார்களாம். காலியாக இருக்கிறதே என்று கேட்கிறவர்களும் உண்டாம். "அது அத்தான் குடிச்சது, நமக்கு இதுதான்" என்று மச்சான் கீழ்த்தட்டைத் திறக்கிறானாம்.